சொல்லிக்கொடுக்கக் கூடாத இடம்

ஜூன் 9

நகைக்கடையில் இலவசமாகக் கொடுத்த டைரி. இதுவரை இதன்மேல் காபி டம்ளர் வைத்துக்கொண்டிருந்தோம். இன்றுதான் உள்ளே எழுத ஒரு செய்தி கிடைத்திருக்கிறது. என் மகள் தேன்மொழி நாடகத்தில் நடிக்கப் போகிறாள்.

எனக்கு இன்றுதான் தெரியும். என் மனைவி மங்கைக்குப் போன மாதமே தெரியுமாம். தேன்மொழி முதலில் என்னிடம் சொல்லத்தான் வந்தாளாம். "அப்பா, நான் நா... நா..." என்று ஆரம்பித்தாளாம். நான் "நாளைக்கு லீவா? போட்டுக்கோம்மா" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு காந்தி மார்க்கெட்டுக்குப் போய்விட்டேனாம். இருக்கலாம்.

தொழில் அப்படி. தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தே முழங்காலைத் தேய்த்தவன் நான். ஏறுகிற ஆளின் முகத்தைப் பார்த்தே ஊரைச் சொல்லி டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவேன். ஒவ்வொருவரும் வாயைத் திறந்து சொல்லட்டும் என்று காத்திருந்தால் வண்டி குளித்தலை போய்ச் சேராது. சிலர் நான் சொன்ன ஊரில் இறங்கி, பிறகுதான் யோசித்திருக்கிறார்கள்.

தேன்மொழிக்குச் சின்ன வயதிலிருந்தே பேச்சு திக்கும். இப்போது இருபத்தேழு வயது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அங்கே ஊசிதான் பேச வேண்டும், அதனால் பிரச்சினை இல்லை. எல்லாச் சொல்லும் திக்காது. அவள் பெயர்தான் பெரிய ஸ்பீடு பிரேக்கர். முதல் எழுத்திலேயே வண்டி நின்றுவிடும். பெயர் வைத்த மகானுபாவன் நான்தான். ஆகவே பள்ளிக்கூடம், பேங்கு, டாக்டர் என்று எங்கே போனாலும் அவள் பெயரை நானே சொல்லிவிடுவது வழக்கம். பெற்ற கடன்.

இந்தப் பெண் மேடையில் ஏறி என்ன செய்யப் போகிறது?

ஜூன் 12

ஒத்திகைக்குக் கூட்டிக்கொண்டு போய் விடுகிறேன் என்றேன். ஸ்கூட்டி இருக்கிறது என்றாள். ஸ்கூட்டிக்குப் பின்னால் பஸ்ஸில் போனேன்.

உறையூரில் ஒரு தையல் பள்ளியின் மாடி. அங்கேதான் நாடக மன்றம். மன்றத்துக்கு டைரக்டர் லூர்து, இன்சூரன்ஸ் ஆபீஸ்காரர். நாடகத்தின் பெயர் 'ஐந்து கதவு ஆராவமுதன்'. எங்கள் வாலிபத்தில் ஊர் ஊராகப் போட்டுச் சிரிக்க வைத்த நாடகம். இப்போது தூசி தட்டி எடுக்கிறார்கள். கதை இதுதான்: ஒரு நாடகக் குழு ஒரு நாடகம் போடுகிறது. முதல் அங்கத்தில் மேடையின் முன்பக்கம். இரண்டாம் அங்கத்தில் செட்டை அப்படியே திருப்பிவிடுவார்கள். மேடைக்குப் பின்னால் நடிகர்கள் அடித்துக்கொள்வது தெரியும். மூன்றாம் அங்கத்தில் உள்ளே நடந்த சண்டை வெளியே வந்து, கதவு திறக்காது, வேட்டி மாட்டிக்கொள்ளும், எல்லாமே குட்டிச்சுவர்.

தேன்மொழிக்குக் கோமளா என்ற நடிகை வேஷம். கோமளா எதையாவது மறந்துகொண்டே இருப்பாள். வேஷம் பொருத்தம்தான் என்று நினைத்தேன். சத்தமாக நினைத்துவிட்டேன் போலிருக்கிறது, லூர்து திரும்பிப் பார்த்தார்.

நல்ல வேளை, அவர்களுக்குப் பிராம்ப்டர் இல்லை. பழைய பிராம்ப்டருக்கு ஓசூருக்கு மாற்றலாகிவிட்டதாம். பக்கத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து வசனத்தை மெதுவாக எடுத்துக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். நான் கையைத் தூக்கினேன். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் போனவன்தான், ஆனால் தமிழ் வாசிப்பேன். ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டே வாசிப்பேன்.

தேன்மொழி நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். சந்தோஷமாக இருக்கும்.

ஜூன் 16

அதிசயம். கோமளாவாகப் பேசும்போது அவளுக்குத் திக்கவே இல்லை. கொள்ளிடத்தில் தண்ணீர் வருகிற மாதிரி வருகிறது. சண்டை போடுகிறாள், கொஞ்சுகிறாள், ஆராவமுதனாக நடிக்கும் மின்சார வாரிய நாகசுந்தரத்தை ஒரே மூச்சில் நாலு திட்டு திட்டுகிறாள். நாகசுந்தரம் நிஜமாகவே பயந்து பின்வாங்கினார்.

பக்கத்திலேயே நான் இருந்து ஒவ்வொரு வரியையும் முன்கூட்டியே எடுத்துக்கொடுப்பதுதான் காரணம் என்று மங்கையிடம் சொன்னேன். அவள் வெண்டைக்காயைக் கொஞ்சம் வேகமாக நறுக்கினாள்.

ஜூன் 23

இன்று பெண் பார்க்க வந்தார்கள். பையனுக்குக் கரூரில் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை. கேசரி, பஜ்ஜி, எல்லாம் முறைப்படி.

பையனின் அம்மா தேன்மொழியைப் பக்கத்தில் உட்காரவைத்து, "உன் பேரு என்னம்மா?" என்று கேட்டார். பெயர் ஜாதகத்திலேயே கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதன் பிறகும் ஏன் எல்லா வீட்டுக்காரர்களும் இதையே கேட்கிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை. மரியாதைக்காக நானே சொன்னேன். என்ன படித்தாய் என்றார்கள், சொன்னேன். சமைப்பாயா என்றார்கள், மீன் குழம்பு நன்றாக வைப்பாள் என்று சொன்னேன். பையன் கொஞ்சம் தைரியமாக, உங்களுக்கு எந்த மாதிரிப் படம் பிடிக்கும் என்று கேட்டான். எனக்குப் பிடித்த படங்களைச் சொன்னேன்.

மொத்தத்தில் நன்றாகவே நடந்தது. ஒரு திக்கல் கூட வெளியே தெரியவில்லை.

ஜூன் 24

தரகர் போன் செய்தார். பெண் லட்சணமாக இருக்கிறாளாம், ஆனால் பேச்சே வராதா என்று கேட்கிறார்களாம். எதனால் அப்படி ஓர் எண்ணம் வந்தது என்று தெரியவில்லை.

ஜூன் 30

இன்று ஒரு சின்னச் சங்கடம்.

மூன்றாம் அங்கத்தில் ஓர் இடம். ஆராவமுதன் கோமளாவைப் பார்த்து, "நீ யார்?" என்று கேட்பார். கோமளா பதிலை மறந்துவிடுவாள். மறந்துபோய் நிற்பாள். சபை சிரிக்கும், இன்னும் நிற்பாள், சிரிப்பு ஏறும். அப்படி நிற்பதில்தான் நாடகத்தின் உச்சமே இருக்கிறதாம். தேன்மொழி வாயைப் பாதி திறந்து, ஒரு கையைத் தூக்கியபடி, கண்ணை உருட்டி நின்றாள். அவ்வளவுதான். நான் எடுத்துக்கொடுத்துவிட்டேன். "நான்தான் பக்கத்து வீட்டுப் பங்கஜம்."

லூர்து நிறுத்தினார். "அண்ணே, அவ மறக்கல. மறந்த மாதிரி நடிக்கிறா."

தெரியும் என்றேன். மறுபடியும் ஆரம்பித்தார்கள். மறுபடியும் அதே இடம், அதே கை, அதே வாய். மறுபடியும் பக்கத்து வீட்டுப் பங்கஜம் வந்துவிட்டாள். நான் சொல்லவில்லை, அதுவாக வந்தது. நாகசுந்தரம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று குலுங்கினார். லூர்து என் வசனப் பிரதியை வாங்கி, அந்த இடத்தில் சிவப்பு மையில், 'இங்கே சொல்லிக்கொடுக்கக் கூடாது' என்று எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மங்கையிடம் இதைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அந்தச் செவப்பு மையில கொஞ்சம் வாங்கிட்டு வாங்க. வீட்டுல நெறைய எடத்துல எழுத வேண்டியிருக்கு" என்றாள்.

ஜூலை 5

முழங்கால் வீக்கம். மூன்று ஒத்திகைக்குப் போகவில்லை. தேன்மொழி ஓர் இடத்திலும் நிற்காமல் முழு நாடகத்தையும் பேசி முடித்தாளாம். எனக்குப் பதிலாக உட்கார்ந்த ஆள் கெட்டிக்காரர் போலிருக்கிறது. யார் என்று விசாரிக்க வேண்டும்.

ஜூலை 7

விசாரித்தேன். யாருமே உட்காரவில்லையாம்.

ஜூலை 20

ஆடி பிறந்துவிட்டது. கல்யாணம் கிடையாது என்பதால் மண்டபங்கள் எல்லாம் ஈயோட்டுகின்றன. தில்லைநகர்ப் பக்கம் ஒரு பெரிய மண்டபம் மன்றத்துக்குச் சகாயமாகக் கிடைத்தது. இனிமேல் ஒத்திகை அங்கேதான். மேடையில் மாப்பிள்ளை, பெண் உட்காரும் சிம்மாசனம் இரண்டையும் ஓரமாகத் தள்ளிவிட்டுச் செட்டு போட்டாயிற்று. ஐந்து கதவும் ஆசாரி செய்து கொடுத்துவிட்டார். மண்டபத்தின் சொந்தக் கதவுகளான மணமகள் அறை, மணமகன் அறை இரண்டும் பக்கத்திலேயே இருப்பதால் மொத்தம் ஏழு கதவு. நாகசுந்தரம் இப்போதே குழம்புகிறார்.

சிவப்பு மை இடத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். என் பழைய கண்டக்டர் விசிலைக் கொண்டுபோய், அந்த இடம் வரும்போது வாயில் கவ்விக்கொண்டேன். வாயில் விசில் இருந்தால் பேச முடியாதல்லவா?

பேசவில்லை. ஆனால் மூச்சு விடாமல் இருக்க முடியுமா? தேன்மொழி கையைத் தூக்கி நின்றாள், எனக்குப் பதற்றம் ஏறியது, விசில் அடித்துவிட்டது. பழக்கம், ஒற்றை விசில் இல்லை, 'போலாம் ரைட்' விசில். நாடக மேடையில் விசில் அடித்தால் திரையை விட வேண்டும் என்பது கட்டளை. திரைக் கயிற்றைப் பிடித்திருந்த காதர் பாய் பொறுப்பான மனிதர். கயிற்றை விட்டுவிட்டார். வெல்வெட் திரை நேராக நாகசுந்தரத்தின் தலையில் இறங்கியது.

வெளியே வந்த நாகசுந்தரம், அண்ணனுக்குத் தன்மேல் ஏதாவது கோபமா என்று லூர்திடம் கேட்டாராம்.

லூர்து நல்ல மனுஷன். எப்படியும் அடிக்கத்தான் போகிறீர்கள், திரை விசிலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், நான் தலையாட்டும்போது மட்டும் அடியுங்கள் என்று பதவி உயர்வு கொடுத்துவிட்டார். ஆரம்ப அறிவிப்பு சொல்கிற மைக்கும் என் பொறுப்பு. ஆக, பிராம்ப்டர், விசில், மைக். ஒரு மனுஷனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஜூலை 22

மங்கை ஒரு பொட்டலம் கொடுத்தாள். பிரித்தால் கமர்கட். "அந்த எடம் வர்றப்ப ஒண்ணை வாயில போடுங்க. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டிக்கும்."

போட்டேன். ஒட்டிக்கொண்டது. பங்கஜம் வரவில்லை. இந்தக் குடும்பத்தில் புத்திசாலி அவள்தான்; படித்தது எட்டாவது வரை.

ஜூலை 27

நாடகம் முடிந்ததும் நடிகர்கள் வரிசையாக முன்னால் வந்து, மைக்கில் ஆளுக்கு ஆள் தன் பெயரும் வேஷமும் சொல்லி வணக்கம் வைப்பார்கள். மன்றத்தின் வழக்கம். எனக்கு இது இன்றுதான் உறைத்தது. கோமளாவாகப் பேசுவதற்கு வசனம் உண்டு. வணக்கம் வைக்கும்போது கோமளா இல்லை, தேன்மொழிதான் நிற்க வேண்டும். அதுவும் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு.

லூர்தைத் தனியாகக் கூப்பிட்டு, எல்லாருடைய பெயரையும் நானே உள்ளேயிருந்து மைக்கில் சொல்லிவிடுகிறேன், நேரம் மிச்சமாகும் என்றேன். அவர் யோசித்துவிட்டு, சரி, உங்கள் மகளிடம் கேட்டுக்கொள்கிறேன் என்றார். நான் சொன்ன பிறகு அவளிடம் ஏன் கேட்க வேண்டும்?

வீட்டில் சாப்பிடும்போது தேன்மொழி தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் ஆரம்பிப்பதற்கு நேரமானது. நான் "மோர் வேணுமா?" என்றேன். மங்கை என் கையில் கரண்டியால் தட்டினாள்.

"எ... என் பேரை நானே சொல்லிக்கிறேன்பா."

"நேரம் மிச்சமாகுமேன்னுதாம்மா சொன்னேன்."

"யாருக்கு?"

மோர் நான்தான் குடித்தேன்.

ஆகஸ்ட் 1

மங்கை வெளியே போயிருந்தாள். தேன்மொழி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் பழகுகிறாள். தே. தே. தே. இந்தப் பக்கம் நான் ஹாலில் உட்கார்ந்து கமர்கட் சாப்பிட்டேன். நாடகத்துக்கு வைத்திருந்ததில் பாதி தீர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. அம்மா மண்டபத்தில் காலை வைக்க இடமில்லை. மங்கை காவிரியில் விளக்கு விட்டாள். என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டேன். உங்கள் வாய்க்காகத்தான் என்றாள். வாயில் ஏதும் நோய் வரக்கூடாது என்று வேண்டியிருப்பாள்.

ஆகஸ்ட் 4

நாடகம் நடந்தது. எழுதியே ஆக வேண்டும்.

ஆடியில் ஊருக்கே வேறு வேலை இல்லாததால் மண்டபம் நிறைந்துவிட்டது. மங்கை மூன்றாவது வரிசையில் பட்டுப்புடவையில். முதல் அங்கம் கச்சிதம். இரண்டாம் அங்கத்தில் நாகசுந்தரம் அவசரத்தில் ஆறாவது கதவில், அதாவது மணமகள் அறைக்குள் போய்விட்டார். அது வெளியில் தாழ்ப்பாள் உள்ள கதவு. யாரோ நாதாங்கியைப் போட்டுவிட்டார்கள். உள்ளேயிருந்து, "லூர்து, கதவைத் திற, நெஜமாத்தான் மாட்டிக்கிட்டேன்" என்று ஒரே இடி. சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. காதர் பாய் போய்த் திறந்துவிட்டார். அந்த இடத்துக்குத்தான் முதல் கைதட்டல் விழுந்தது. இனிமேல் எல்லா நாடகத்திலும் லூர்து பூட்டச் சொல்வாரோ என்று நாகசுந்தரத்துக்குக் கவலை.

மூன்றாம் அங்கம். "நீ யார்?" கமர்கட்டை வாயில் போட்டேன். கடைசிக் கமர்கட். தேன்மொழி கையைத் தூக்கி நின்றாள். சிரிப்பு ஆரம்பித்தது, ஏறியது, அடங்கப் போகும்போது கண்ணை ஓர் உருட்டு உருட்டினாள், மறுபடி ஏறியது. பிறகு அவளாகவே இறக்கினாள். நான் ஒத்திகையில் கெடுத்துக்கொண்டிருந்தது எது என்று அப்போதுதான் பார்த்தேன். லூர்து என் தோளைத் தட்டினார். நான் ஒன்றும் செய்யவில்லையே என்று சொல்ல நினைத்தேன், பல் ஒட்டியிருந்தது.

நாடகம் முடிந்தது. எல்லாரும் வரிசையாக வந்தார்கள். நாகசுந்தரம் பெயர் சொன்னார், பெருத்த கைதட்டல். மற்றவர்களும் சொன்னார்கள். கடைசியில் தேன்மொழி மைக் முன்னால் வந்தாள்.

"வணக்கம். என் பேரு தே..."

நின்றுவிட்டது.

சபை ஒரு கணம் பார்த்தது. பிறகு கூரை பிய்த்துக்கொள்கிற மாதிரி சிரித்தது. கோமளா தன் பெயரையே மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்கள். விசிலடித்தார்கள். அவள் நடிக்கவில்லை. எனக்குத் தெரியும், மங்கைக்குத் தெரியும். அவள் கழுத்து நரம்பு எனக்குப் பக்கவாட்டில் தெரிந்தது. சிரிப்பு மெல்லமெல்ல இறங்கியது. இறங்கி முடிந்த பிறகும் அந்த எழுத்து வரவில்லை. யாரோ இருமினார்கள்.

காதர் பாய் கயிற்றைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். ஒரு விசில் போதும், திரை விழும், எல்லாரும் தமாஷ் என்றே வீட்டுக்குப் போவார்கள். இல்லாவிட்டால் என் வலது கையில் மைக், கட்டை விரலுக்குக் கீழே ஸ்விட்ச். பெயர் எனக்குத் தெரிந்த பெயர். கமர்கட் கரைந்துபோய் வாயும் காலியாக இருந்தது. இத்தனை வசதியோடு நான் என் வாழ்நாளில் சும்மா நின்றதில்லை.

விசிலைக் கழற்றிக் காதர் பாய் சட்டைப் பையில் போட்டேன். மைக்கைச் சிம்மாசனத்தில் வைத்தேன், மாப்பிள்ளை உட்காருகிற பக்கம். இரண்டு கையும் சும்மா இருந்தன. என்ன செய்வதென்று தெரியாமல் கட்டிக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"...தேன்மொழி" என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "மறக்கல. வர்றதுக்குக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான்" என்றாள்.

பாதி சபை இதுவும் நாடகம் என்று சிரித்தது. மீதிப் பாதி சட்டென்று அமைதியாகிவிட்டது. அவள் இரண்டு பாதிக்கும் சேர்த்து ஒரே வணக்கமாக வைத்தாள். பிறகு எல்லாரும் தட்டினார்கள்.

லூர்து தலையாட்டினார். விசில் என்னிடம் இல்லை. காதர் பாய் தன் பையிலிருந்து எடுத்துத் தானே ஊதி, தானே திரையை விட்டார்.

ஆகஸ்ட் 5

அந்த நேரத்தில் உங்கள் சத்தமே காணோமே, மயக்கம் போட்டு விழுந்துவிட்டீர்களோ என்று எழுந்து வரப் பார்த்தேன் என்கிறாள் மங்கை. முழங்கால் வலி, அசைய முடியவில்லை என்று சொல்லியிருக்கிறேன். அவள் தைலம் எடுத்துக்கொண்டு வந்து தேய்த்தாள். எந்தக் கால் என்று கூடக் கேட்கவில்லை.

லூர்து போன் செய்தார். கரூரிலும் போடக் கேட்கிறார்களாம். தேன்மொழி வருகிறேன் என்று சொல்லிவிட்டாளாம். பிராம்ப்டர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் அண்ணே, திரைக்கயிறு இழுக்க ஆள் வேண்டும் என்றார்.

ஆகஸ்ட் 8

காலையில் கூரியர்காரர் வந்தார். வண்டியை அணைக்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி, போனைப் பார்த்துக்கொண்டே, "பேரு சொல்லுங்க மேடம்" என்றார். தேன்மொழி வாசலில் நின்றாள். நான் பக்கத்திலேயே நாற்காலியில், கையில் பேப்பர்.

"தே..."

"தெய்வானையா? தேவியா?" என்றார் அவர். என்னைப் போல அவசரக்காரர். தேன்மொழி ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். அவர் வண்டியை அணைத்தார்.

நான் விளையாட்டுப் பக்கத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். எனக்குக் கிரிக்கெட் தெரியாது. யாரோ நன்றாக நின்று ஆடியிருக்கிறார்கள்.